கம்பத்திலிருந்து பத்துத் தப்படி

நான் மெதுவாகத்தான் எழுதுவேன். இது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் ஒரு சீட்டு எழுதி முடிப்பதற்குள் மீன் வந்து, பார்த்து, சலித்துப்போய்த் திரும்பிவிடும் என்று தூண்டில்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். என் எழுத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது. அதனால்தான் நான் சொல்ல நீங்கள் எழுத வேண்டாம், வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். காகிதமும் பேனாவும் கொடுத்து, முடிக்கிறவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று சொல்லிக் கதவையும் சாத்திவிட்டுப் போனீர்கள். அதற்கு நன்றி. இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது ஆடவில்லை.

நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். கம்பத்தை நகர்த்தினாயா, இல்லையா? நகர்த்தினேன். மேலதிகாரியின் எழுத்துமூலமான ஆணை இல்லாமல் நகர்த்தினேன். அது தவறு. அதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். இத்தோடு கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கம்பம் எதற்கு இருக்கிறது என்று தெரியாதவருக்கு, அதை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதும் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். என் மைத்துனன் எப்படிப் போனான் என்பது அதில் வரும். அவன் போன பிறகு என் மனைவி மாலைதோறும் அங்கே போய் நிற்கிறாள். அதுவும் வரும்.

ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் மீன்துறைக் காவலர் வேலை எனக்கு. ஊரில் சீட்டுக்காரர் என்பார்கள். ரம்மி ஆடுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். நான் எழுதிக் கொடுப்பது தூண்டில் போடுவதற்கான உரிமச் சீட்டு. ஆற்றில் தூண்டில் போட அது இல்லாமல் முடியாது. சீட்டு இருந்தாலும் ஆளுக்கு இரண்டு தூண்டில்தான். உள்ளங்கை நீளம்கூட இல்லாத மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். சினை மாதங்களில் கரைப் பக்கமே தலைகாட்டக் கூடாது. கடலுக்கு இந்த விதி எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

சரி, ஆறு எங்கே முடிகிறது, கடல் எங்கே ஆரம்பிக்கிறது? தண்ணீரைக் கேட்டால் சொல்லாது. உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தால் காலையில் ஒன்று சொல்லும், சாயங்காலம் வேறொன்று சொல்லும். விதியை எழுதியவர் கெட்டிக்காரர். துறை நட்ட கம்பம் எங்கே நிற்கிறதோ அங்கே ஆறு முடிகிறது என்று எழுதிவிட்டார். வரைபடம் அல்ல, கம்பம். ஆற்றின் போக்கு மாறினால் ஆணை வாங்கிக் கம்பத்தை மாற்றி நடலாம், எல்லை அதன் பின்னாலேயே போகும். இவ்வளவு அழகான விதியை வேறு எந்தத் துறையிலும் நான் பார்த்ததில்லை.

கம்பம் நிற்பது ஒரு மணல் திட்டில். கரையிலிருந்து நாக்கு நீட்டியதுபோல முகத்துவாரத்துக்குள் நீண்டிருக்கும் திட்டு அது. இரண்டு ஆள் உயரம், சிவப்பும் வெள்ளையுமாக வர்ணம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அதை விதி கொடுக்கவில்லை, தூண்டில்காரர்களே கொடுத்தார்கள். கம்பத்திலிருந்து கடலை நோக்கிப் பத்துத் தப்படி வரைக்கும் மணல் கெட்டி. அடியில் ஏதோ ஒரு காலத்துப் படகுத்துறையின் கற்கள் புதைந்து கிடக்கின்றன. அதைத் தாண்டினால் கல் இல்லை. மேலே பார்க்க ஒரே மணல்தான், அதே நிறம், அதே மினுமினுப்பு. தண்ணீர் வற்றும்போது ஆற்று நீர் அடிமணலை அரித்துக்கொண்டு போகும். மேலே தோல் மட்டும் இருக்கும். ஆள் நின்றால் வாய் திறந்து வாங்கிக்கொள்ளும்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. சீட்டு இல்லாமல் கடல் பக்கம் நிற்க வருகிறவர்கள் முதலில் முதுகைக் கம்பத்தில் ஒட்டி நிற்பார்கள். பிறகு பத்துத் தப்படி எண்ணி நடந்து, அங்கே குதிகாலால் ஒரு கோடு கிழிப்பார்கள். அந்தக் கோட்டைத் தாண்டமாட்டார்கள். மணலைக் குத்திப் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. கம்பத்தைத்தான் நம்புவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவன் நானேதான். கரையில் என் காவல் கொட்டகை வாசலில் பலகையும் எழுதி மாட்டியிருக்கிறேன். 'கம்பத்திலிருந்து பத்துத் தப்படிக்குள் நிற்கவும்.' நல்ல எழுத்து, தூரத்திலிருந்தே படிக்கலாம். வாரம் ஒரு தடவை மூங்கில் கழியால் திட்டு முழுவதும் குத்திப் பார்ப்பதும் என் வேலை. எங்கே கெட்டி, எங்கே பொக்கு என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்றால் அது பெருமைக்காகச் சொல்வது அல்ல.

இனி என் மைத்துனன்.

என் மனைவியின் தம்பி அவன். அச்சகத்தில் வேலை பார்த்தான், அச்சகத்தை மூடினார்கள். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவன் மூன்று மழைக்காலம் இருந்தான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். குடிக்கமாட்டான், கடன் கேட்கமாட்டான். அக்காளுக்குத் தையல் இயந்திரத்தில் எண்ணெய் போட்டுக் கொடுப்பான். அவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள். தைத்து முடித்ததை அவனே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். காலையும் மாலையும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு என் கம்பத்துக்கு வந்துவிடுவான்.

சீட்டு எழுதித் தருகிறேன், ஆற்றுப் பக்கம் நின்று மரியாதையாகப் பிடி என்று ஒரு தடவை சொன்னேன். சிரித்தான்.

"உங்க ஆறு உங்களுக்கே இருக்கட்டும் மாமா. எனக்குக் கடல் போதும்."

அவன் கம்பத்தில் முதுகைத் தேய்ப்பான், மாடு தேய்ப்பதுபோல. பிறகு பத்துத் தப்படி. அவன் காலுக்கு அடியில் கடல், அவன் முதுகுக்குப் பின்னால் என் ஆறு. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்றால் அவன்தான். துறையின் சீருடை போட்டவன் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, துறையின் கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று பல்லைக் காட்டுகிறான் என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நான் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தியது வேறொன்று. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். இன்று உங்களிடம் புகார் கொடுத்தவர் அவர்தான் என்று ஊகிக்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் ஒரு நாள் சீட்டு இல்லாமல் ஆற்றுப் பக்கம் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் அபராதப் புத்தகத்தை எடுத்து அவர் பெயரை எழுத ஆரம்பித்தேன். கரையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அங்கே கோட்டில் நின்றபடியே என் மைத்துனன் அவரைக் கூப்பிட்டான்.

"சார், இப்படி நாலு தப்படி வாங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப நீங்க கடல்ல நிக்கிறீங்க. மாமா, கடல்ல நிக்கிறவரை உங்களால ஒண்ணும் கேக்க முடியாதுல்ல?"

நான் அவர் பெயரின் பாதியில் இருந்தேன். எழுதி முடித்திருந்தால் அபராதம் செல்லும். பாதிப் பெயருக்குச் செல்லாது. அதுதான் விதி. நான் புத்தகத்தை மூடினேன். கரையே கைதட்டியது. அவர்கூடத் தட்டினார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் அதை அக்காளுக்கு நடித்துக் காட்டினான். என் மூக்குக்கண்ணாடி, என் பேனா, நான் ஒவ்வொரு எழுத்துக்கும் சுழி போடுகிற விதம் எல்லாவற்றையும் காட்டினான். நன்றாகத்தான் நடித்தான், பொய் சொல்லக் கூடாது. என் மனைவி சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள், கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே கிடையாது. பேச்சு இருந்தால்தானே சண்டை வரும் என்று அவன் சொல்வான். அவள் சிரித்தது எனக்கு வருத்தம் இல்லை. நடுவில் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுதான் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

மறு வாரம் கம்பம் சற்றுச் சாய்ந்திருந்தது. சாய்ந்த கம்பத்தை நிமிர்த்துவது என் கடமை. அடியில் முட்டுக் கொடுத்திருந்த கல்லை விலக்கினேன், கம்பத்தை ஆட்டி எடுத்தேன், நிமிர்த்தி நட்டேன். நடும்போது ஒரு முழம் கடல் பக்கமாக நட்டேன். பட்டப்பகல், சீருடையில் இருந்தேன், பக்கத்தில் வர்ண டப்பா. திருடனுக்குத்தான் இருட்டு வேண்டும். சீருடை போட்டு வர்ணம் அடிக்கிறவனை யாரும் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். மணலில் அடையாளம் என்று எதுவும் நிற்பதில்லை, ஒரு கடல் ஏற்றம் வந்து போனால் எல்லாம் துடைத்த பலகை.

அப்போது என் எண்ணம் என்ன என்று கேட்பீர்கள். அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக அலைக்குள் தள்ளினால் முழங்கால் நனைந்து, சலித்து, ஒரு நாள் வந்து சீட்டுக் கேட்பான் என்பதுதான். வேறொன்றும் இல்லை. அவன் மட்டும் ஒரு தடவை, எனக்கொரு சீட்டு எழுதுங்க மாமா என்று வந்து நின்றிருந்தால், எவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்திருப்பேன் தெரியுமா. அவன் வரவில்லை. கம்பம் போன பக்கம் போனான். முதுகைத் தேய்த்தான், பத்துத் தப்படி எண்ணினான், கோடு கிழித்தான்.

மழை தொடங்குவதற்கு முன் இப்படிப் பல தடவை கம்பம் சாய்ந்தது. சாயாதபோது நான் சாய்த்தேன். ஒரு நாள் காற்று பலமாக இருந்தது, தனியாக நிறுத்த முடியவில்லை. அவன் தூண்டிலை மணலில் குத்திவிட்டு ஓடி வந்தான்.

"விடுங்க மாமா, நான் பிடிச்சுக்கறேன். நீங்க கல்லைப் போடுங்க."

கம்பத்தை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல்லை அடுக்கினேன்.

"நேரா இருக்கா?"

"இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்," என்றேன்.

"இந்தப் பக்கமா?"

"கடல் பக்கம் தம்பி."

"ஆறு வளந்துக்கிட்டே போகுது போல," என்று சொல்லிச் சிரித்தான். ஆக, அவனுக்கு ஓரளவு தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டான். அவன் எதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். வேலை முடிந்ததும் என் கையில் இருந்த சேற்றைத் தன் துண்டால் துடைத்துவிட்டான். எனக்கு ஒரு நிமிடம் கல்லையெல்லாம் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. அதற்குள் அவன், "சுழி எதுவும் விட்டுப் போகலையே மாமா?" என்றான்.

அதற்குப் பிறகு நான் கம்பத்தைத் தொடவில்லை. தொடவேண்டிய அவசியம் இல்லை. அந்த வாரம் பத்தாவது தப்படியில் கழியைக் குத்திப் பார்த்தேன். கல் தட்டவில்லை. கழி என் உயரத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. மேலே பாதம் பதியாத கெட்டி மணல். கம்பம் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது என்று வர்ணம் அடித்து முடித்தேன். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அரசாங்கம் நட்ட குதிரையை யார் சந்தேகப்படுவார்கள்?

பௌர்ணமிக்குத் தண்ணீர் அதிகம் ஏறும், அதே அளவுக்கு வற்றும். போன பௌர்ணமிக்கு மலைப் பக்கம் நல்ல மழை, அணையையும் திறந்திருந்தார்கள். வற்றும்போது ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து இழுத்தது. சாயங்காலம் கரையில் கூட்டம் இல்லை. நான் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பத்துத் தப்படியில் நின்றான். அதை நான் எண்ணினேன். பதினொன்று வைக்கவில்லை. இதை நான் இங்கே எழுதுவது அவனுக்குச் செய்கிற நியாயம்.

தூண்டில் வளைந்தது. பெரிய கொடுவா என்று நினைக்கிறேன். அவன் ஓரடிகூட முன்னால் போகவில்லை, குதிகாலைக் கோட்டில் ஊன்றிக்கொண்டுதான் இழுத்தான். மணல் சத்தமே போடாமல் அவனை இடுப்புவரை வாங்கியது. அப்புறம் மார்பு வரை. அவன் என்னைப் பார்க்கவில்லை, கம்பத்தைத் திரும்பிப் பார்த்தான். எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்று பார்க்கிறவன்போல. பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"மாமா, அந்த வளையம்," என்றான். கத்தவில்லை. சாப்பாட்டில் உப்புக் கேட்கிற குரல்.

மிதவை வளையம் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறது. துறையின் பொருள் அது. எடுக்கும் முன் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. தேதி, எடுப்பவர் பெயர், பதவி, காரணம், கையெழுத்து. மற்றவர்கள் எடுத்துவிட்டுப் பிறகு எழுதுவார்கள். அது எனக்குப் பழக்கமில்லை. நான் உட்கார்ந்து எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று சற்று யோசிக்க வேண்டியிருந்தது. கையெழுத்தும் போட்டு வளையத்தைத் தூக்கிக்கொண்டு கம்பம்வரை போனேன். எறிவதற்கு யாரும் இல்லை. தூண்டில் மட்டும் கொஞ்ச தூரத்தில் மிதந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வளையத்தைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டி, திருப்பி வைத்த விவரத்தையும் எழுதினேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். ஒழுங்காக இருக்கிறது என்றார்கள். பத்துத் தப்படியைத் தாண்டியிருப்பான், மீன் ஆசை என்று அவர்களே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

என் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அழுது ஓய்ந்தபிறகு சொன்னது அந்த ஒன்றைத்தான்.

"அவன் தாண்டமாட்டான். விளையாட்டுப் பிள்ளைதான், ஆனா அதுல விளையாடமாட்டான்."

நான், "ஆசை யாரை விட்டது," என்றேன்.

"தாண்டமாட்டான்ங்க."

பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். அவன் தட்டைக் கழுவி அடுப்பங்கரையில் கவிழ்த்து வைத்தாள். வீட்டில் இப்போது பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை, மீன் இல்லை. தையல் இயந்திரத்தின் சத்தம் மட்டும். அதுவும் எண்ணெய் இல்லாமல் கரகரவென்று. நான் நினைத்தது இது அல்ல. அவன் போனபின் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஏதாவது பேசுவோம் என்று நினைத்திருந்தேன். அலுவலகத்தில் நடந்ததை நான் சொல்ல, அவள் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். நகைச்சுவையாக ஒன்றிரண்டு விஷயங்களை மனதில் தயார் செய்துகூட வைத்திருந்தேன்.

மாலையானால் இயந்திரத்துக்கு உறை போட்டுவிட்டுத் திட்டுக்குப் போய்விடுவாள். முதல் நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். முதுகைக் கம்பத்தில் ஒட்டி நின்றாள், அவனைப்போலவே. மெல்லப் பத்துத் தப்படி எண்ணினாள். குதிகாலால் கோடு கிழித்து அங்கே நின்றாள். தண்ணீரைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தைக் கண்ணால் அளக்கிறாள் என்று தெரிந்தது. இருட்டுகிறவரை நின்றாள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் வற்றம் சின்னது, தண்ணீர் இழுக்காது. அவள் எடையும் குறைவு. ஆகவே ஒன்றும் ஆகவில்லை.

அவனை வாங்கிய இடம் மறுபடி மூடிக்கொண்டுவிட்டது. மணல் அப்படித்தான், வஞ்சம் வைக்காது. மேலே பழையபடி கெட்டி. நேற்று வேலைப்படி கழியைக் குத்திப் பார்த்தேன். இந்தத் தடவை கழியின் நுனியைக்கூடப் பிடிக்க முடியவில்லை, கையை விட்டுப் போய்விட்டது. புதுக் கழி கேட்டு எழுதியிருக்கிறேன்.

கண்ணாடிக் கடைக்காரருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். படகுத்துறைப் படியில் நின்று பார்த்தால், கம்பம் அக்கரைத் தண்ணீர்த் தொட்டியின் இடது காலை மறைக்கும். பல வருடமாக மறைத்தது. இப்போது தொட்டியின் நாலு காலும் தெரிகின்றன. கண்ணை வைத்துப் பிழைக்கிறவர், கவனித்துவிட்டார். அன்று அவர் பெயரைக் கொஞ்சம் வேகமாக எழுதியிருக்கலாம்.

மதியம் உங்கள் நிலையத்துக் காவலர் என்னை அழைக்க வந்தபோது என் மனைவி காலரில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வாசல்வரை வந்தாள்.

"எதுக்காம்?"

"கம்பத்துக்கு வர்ணம் அடிச்சது பத்தி ஏதோ கேக்கணுமாம்," என்றேன்.

அவள் கையிலிருந்த ஊசியை முந்தானையில் குத்தி வைத்தாள். பிறகு கேட்டாள். பல நாளைக்குப் பிறகு என்னிடம் அவளாக ஒன்று கேட்டாள்.

"இன்னைக்கு அமாவாசை. வற்றம் பெரிசா இருக்கும், அணை வேற தொறந்திருக்காங்கன்னு பேசிக்கிறாங்க. அங்க போய் நிக்கலாமாங்க?"

உங்கள் காவலர் பக்கத்தில் இருந்தார், கேட்டுப் பாருங்கள். நான் பலகையில் இருப்பதைத்தான் சொன்னேன். "கம்பத்திலிருந்து பத்துத் தப்படிக்குள்ள நில்லு. ஒண்ணும் ஆகாது." காவலரும் தலையாட்டினார். அவரும் ஒரு காலத்தில் தூண்டில் போட்டவராம். துறையின் பலகை ஒன்று சொல்ல, துறையின் ஆள் வேறொன்று சொன்னால் மக்கள் எதை நம்புவார்கள்? அவள் சரி என்று தலையை அசைத்தாள். அந்த ஒரு நொடி எங்களுக்குள் பழையபடி ஒரு பேச்சுவார்த்தை இருந்ததுபோல எனக்குப் பட்டது. மனதுக்கு நிறைவாக இருந்தது.

கம்பத்தைப் பழைய இடத்தில் நட்டுவிடலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். நட்டுவிடலாம். ஆனால் அதற்கும் எழுத்துமூலமான ஆணை வேண்டும். ஒரு தடவை ஆணை இல்லாமல் நகர்த்தியதற்குத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அதே குற்றத்தை இன்னொரு தடவை செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆணை கேட்டு விண்ணப்பிக்கிறேன் என்று இதில் குறித்துக்கொள்ளவும்.

என் மனைவி நல்லவள். தம்பி எண்ணிக்கை தப்பவில்லை என்று அவள் சொன்னது சரி. அவள் சொன்னதே சரி என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் இந்த வாக்குமூலத்தை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் என்னைப் பார்க்கிற பார்வையை என்னால் தாங்க முடியாது. படித்துக் காட்ட வேண்டிய அவசியம் இருக்காது என்றும் நினைக்கிறேன்.

ஆரம்பித்தபோது ஜன்னல் வெயில் இந்தக் காகிதத்தின் மேல் இருந்தது. மேசையை விட்டு இறங்கி, தரையைத் தாண்டி, இப்போது எதிர்ச்சுவரில் மங்கலாக நிற்கிறது. திட்டில் தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும். இயந்திரத்துக்கு உறை போட்டிருப்பாள். நடுவில் நீங்கள் ஒரு தடவை கதவைத் திறந்து முடிந்ததா என்று கேட்டீர்கள். இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது என்றேன். வேறு ஏதாவது அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறதா என்றும் கேட்டீர்கள். இல்லை, எல்லாவற்றையும் வரிசைப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது உண்மைதான், அவசரமானது வரிசையில் கடைசியில்தான் வருகிறது.

இனி தேதி, பெயர், பதவி, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதையும் முடித்துவிட்டுக் கதவைத் தட்டுகிறேன். தாமதம் என்று என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. மெதுவாகத்தான் எழுதுவேன் என்று முதல் வரியிலேயே உங்களிடம் சொல்லிவிட்டேன்.